அண்ணன் செய்தது பாவமா, என் தலைவிதியா?

கேள்வி: ஐயா, நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வயது 47. அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களில், ஊரில் இருக்கும் வீட்டையும் வயலையும் அண்ணன் தன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கிக்கொண்டார். அப்பா இறந்து ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. கேட்டதற்கு, “கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுல்ல” என்றார். அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மா, “எல்லாம் நாம செஞ்ச கர்மா, விட்டுடு” என்கிறார். உடன் வேலை பார்க்கும் கிறிஸ்தவ டீச்சர், “மன்னிச்சிடுங்க, நியாயத்தீர்ப்பு கர்த்தருடையது” என்கிறார். பக்கத்து வீட்டு பாயம்மா, “மறுமையில கணக்கு இருக்கு” என்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் என் மகனோ, “நல்லது கெட்டதுன்னு ஒண்ணும் கிடையாதும்மா, ஜெயிச்சவன் எழுதி வெச்சதுதான்” என்கிறான். ஆனால் அவன்தான் மாமாவோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணன் மாடி கட்டிவிட்டார், கார் வாங்கிவிட்டார். அவர் மகளுக்கு நீட்டில் மார்க் குறைந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. இவர்களில் யார் சொல்வது சரி? நான் கெட்டவளா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். நால்வரும் சொன்னது ஒன்றுதான்: “சும்மா இரு.” காரணம் மட்டும்தான் ஆளுக்கு ஒன்று. முன்வினை, மன்னிப்பு, மறுமை, ‘எல்லாம் சும்மா’. எந்த வழியில் போனாலும் வயல் உங்கள் அண்ணன் பெயரிலேயே இருக்கிறது.

கல்லூரியில் சமய ஒப்பியல் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். தீமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மனித குலம் இதுவரை ஒரே பதில் சொன்னதில்லை, இனியும் சொல்லாது. பழைய ஈரானில் ஜரதுஷ்டிரர் ஆதியிலேயே இரண்டு ஆவிகள் இருந்ததாகவும், ஒன்று நன்மையைத் தேர்ந்துகொண்டது, மற்றது தீமையைத் தேர்ந்துகொண்டது என்றும் பாடினார். அவர் வழி வந்த பார்சிகளின் கோயில் சென்னை ராயபுரத்தில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். புனித அகஸ்டின் இளமையில் மானி என்பவரின் இருமைக் கொள்கையில் ஒன்பது ஆண்டு கிடந்துவிட்டு, பிறகு அதை விட்டு வெளியே வந்து, தீமைக்குத் தனி இருப்பே கிடையாது, நன்மையின் குறைவுதான் அது என்றார். இஸ்லாத்தில் ஷைத்தானான இப்லீஸ் கெட்டது செருக்கால்: ஆதமுக்குப் பணிய மறுத்தான். பௌத்தம் வெளியே ஆளைத் தேடுவதில்லை. பேராசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று வேர்களோடு நிறுத்திக்கொள்கிறது. சமணர்கள் வினையை உயிரின்மேல் படியும் ஒரு பொருளாகவே கண்டார்கள். யூத ரபிகள் இன்னும் துணிச்சல்காரர்கள். மனிதனுக்குள் இருக்கும் தீய உந்துதலும் தேவைதான், அது இல்லாவிட்டால் எவனும் வீடு கட்ட மாட்டான், கல்யாணம் செய்ய மாட்டான், பிள்ளை பெற மாட்டான் என்கிறது அவர்களுடைய பழைய உரை ஒன்று.

நம் ஊர்க் குரலையும் கேளுங்கள். ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழுந்ததும் பக்குடுக்கை நன்கணியார் என்ற புறநானூற்றுப் புலவர், இப்படி ஓர் உலகத்தைப் “படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்” என்றார் (புறம் 194). படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று திட்டிய பாட்டைப் பாதுகாத்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. நீங்கள் கொஞ்சம் கோபப்பட்டதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஆக, ‘எங்கிருந்து வந்தது’ என்பதில் ஒற்றுமை கிடையாது. ‘எங்கே கணக்குத் தீரும்’ என்பதிலும் கிடையாது. ஆனால் உங்கள் வீட்டில் நடந்ததற்குப் பெயர் என்ன? அதில் எந்த மதத்துக்கும் சந்தேகம் இல்லை. உங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் தத்தம் மதத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பாமல் விட்டுவிட்டார்கள்.

உங்கள் கிறிஸ்தவத் தோழியிடம் பைபிளின் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைக் கேளுங்கள். செலொப்பியாத் என்பவருக்கு ஆண் பிள்ளை இல்லை, ஐந்து பெண்கள். அப்பா இறந்ததும் ஐவரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில், மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபை மொத்தத்துக்கும் முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பனுடைய பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். மோசேக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கடவுளிடம் கேட்டார். கடவுள் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லவில்லை. அந்தப் பெண்கள் கேட்பது சரி என்றார். அவர்களுக்குச் சகோதரர் கிடையாது, உங்களுக்கு உண்டு, அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும். நான் சொல்ல வருவது, அப்பா சொத்தில் பங்கு கேட்டு ஊர்முன் நிற்பதை வேதம் பக்திக் குறைவாகப் பார்க்கவில்லை என்பதை. மன்னிப்பு பெரிய விஷயம்தான். ஆனால் எரிகோவில் இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சகேயு, இறங்கி வந்து மனம் திருந்தியபோது வாயால் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். உங்கள் அண்ணன் இன்னும் அந்த மரத்திலிருந்து இறங்கவே இல்லை.

பாயம்மா சொன்ன மறுமைக் கணக்கு உண்மையிலேயே அவர்கள் நம்பிக்கையின் நடுத்தூண். அணுவளவு நன்மையும் கண்டுகொள்ளப்படும், அணுவளவு தீமையும் கண்டுகொள்ளப்படும் என்கிறது குர்ஆன் (99:7-8). ஆனால் அதே குர்ஆன், பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, சொத்து கொஞ்சமோ நிறையவோ, என்று இந்த உலகத்திலேயே பாகம் பிரித்து வைத்திருக்கிறது (4:7). ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்று நபிமொழி உண்டு. மனிதர்களுக்கிடையேயான உரிமை விஷயத்தில், பாதிக்கப்பட்டவர் விட்டுக்கொடுக்காமல் இறைவனும் மன்னிப்பதில்லை என்பது மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இதையே சொல்கிறது: பாவநிவாரண நாளின் நோன்பு கடவுளுக்கு எதிரான குற்றத்தைக் கழுவும், மனிதனுக்கு எதிரானதை அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை கழுவாது.

இனி அம்மாவின் கர்மா. இதில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் உங்களை அதிகம் நோகடித்தது அந்தச் சொல்தான் என்று கடிதம் முழுக்கத் தெரிகிறது.

சிலப்பதிகாரத்தைத் தெரியாத தமிழ் ஆசிரியை இருக்க முடியாது (நீங்கள் என்ன பாடம் என்று எழுதவில்லை). ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்பதை நிலைநாட்ட வந்த காப்பியம் அது. கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறப்புக் காரணம் ஒன்றும் அதில் இருக்கிறது. கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் அவன் இருந்தபோது, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லக் கொடுத்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் புலம்பித் திரிந்து, மலையிலிருந்து குதித்துச் செத்தாள். அவள் சாபம்தான் இது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது.

எப்போது சொல்கிறது என்று பாருங்கள். கண்ணகி அரண்மனை வாயிலில் நின்று, உள்ளே போய் வழக்குரைத்து, சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டி, “யானோ அரசன் யானே கள்வன்” என்று பாண்டியன் வாயாலேயே சொல்ல வைத்து, அவன் உயிர் போய், ஊரும் எரிந்த பிறகு. வினைதான் எல்லாம் என்றால் தெய்வம் வாயில்காவலன் பக்கத்திலேயே வந்து நின்று, ‘திரும்பிப் போ மகளே, போன பிறவிக் கணக்கு’ என்று சொல்லியிருக்கலாமே? பாண்டியனாவது, ‘உன் புருஷனின் ஊழ், நான் என்ன செய்ய’ என்று கையை விரித்திருக்கலாமே? அவன் தன் தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். இளங்கோவடிகள் ஊழை நம்பியவர், ஆனால் விசாரணைக்குப் பதிலாக ஊழை வைக்கவில்லை. கர்மா பேச்சுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. ‘நான் செய்வது என்னைத் திரும்ப வந்து பிடிக்கும்’ என்று செய்கிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது அது. அடிபட்டவரிடம் போய் ‘உன் கர்மா’ என்றால் அது அடித்தவனுக்கு வக்காலத்து.

பைபிளில் யோபுவின் கதையும் இதுதான். பிள்ளைகளும் சொத்தும் உடம்பும் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்தார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா? யோபு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, கடவுளையே வழக்குக்கு அழைத்தார். முடிவில் கடவுளுக்குக் கோபம் வந்தது யார்மேல் தெரியுமா? தன்னோடு வாதாடிய யோபுமேல் இல்லை. தன் சார்பாகப் பேசுவதாக நினைத்துக்கொண்ட அந்த நண்பர்கள்மேல்.

அம்மாவிடம் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு வாதாடப் போக வேண்டாம். அவர் அண்ணன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ‘என் மகன் தப்பு செய்தான்’ என்று சொன்னால் அடுத்த வேளை எங்கே என்ற பயம் ஒரு பக்கம், பெற்ற மகனைத் திருடன் என்று சொல்லத் தயங்கும் நாக்கு ஒரு பக்கம். அவருக்குக் ‘கர்மா’ ஒரு தத்துவமாக இருக்க வாய்ப்பில்லை, இரண்டு பிள்ளைகளையும் இழக்காமல் இருக்க அவருக்குக் கிடைத்த ஒரே சொல்லாக இருக்கலாம்.

கெட்டவர் நன்றாக இருக்கிறாரே என்ற உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் என்னிடம் இல்லை, வள்ளுவரிடமும் இல்லை. “அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்” என்று குறள் 169இல் சொல்கிறார். காரணம் இன்னதென்று விண்டு சொல்லாமல், யோசிக்க வேண்டிய விஷயம் என்று நிறுத்திவிடுகிறார். உரைகாரர்கள் அந்த இடைவெளியில் பழவினையைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். எனக்கு அந்த இடைவெளியே பிடித்திருக்கிறது. மகாபாரதத்தின் கடைசியில் தருமர் சொர்க்கத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே துரியோதனன் ஜொலித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! தருமருக்கு ஆத்திரம் பொங்குகிறது, இவன் இருக்கும் இடத்தில் நான் இருக்க மாட்டேன், என் தம்பிகள் எங்கே என்கிறார். அழைத்துப் போன இடம் நரகம். அங்கே தம்பிகளின் குரல் கேட்கிறது. அங்கேயே தங்கிவிடுவதாக முடிவு செய்கிறார். பிறகுதான் அது சோதனை என்று தெரிகிறது. பதினெட்டு பர்வம் எழுதியும் வியாசர், ‘நல்லவனுக்கு மாடி வீடு, கெட்டவனுக்கு ஓட்டைக் குடிசை’ என்று முடிக்கவில்லை. உங்கள் அண்ணனின் கார் எந்த மதத்தையும் பொய்யாக்கவில்லை, அவரை நல்லவராகவும் ஆக்கவில்லை. கடன் தவணையில் வாங்கிய வண்டியாகக்கூட இருக்கலாம்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதி கசப்பானது. தீமைக்கு நன்மை என்று பெயர் சூட்ட மதங்கள் கை கொடுத்திருக்கின்றன. நம் ஊரில் தீண்டாமைக்குச் சாத்திரம் காட்டினார்கள். உடன்கட்டையை 1829இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அடிமைகளை வைத்துக்கொள்வது பாவமா இல்லையா என்று அமெரிக்காவில் மெதடிஸ்ட் சபை 1844இலும், பாப்டிஸ்டுகள் 1845இலும் வடக்கு தெற்காக உடைந்தார்கள். இரண்டு தரப்பின் கையிலும் ஒரே பைபிள். மதம் இல்லாமலும் இது நடக்கும். லட்சக்கணக்கான யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றிய நாஜி அதிகாரி ஐக்மன், 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில், தான் தத்துவஞானி கான்ட்டின் கடமை நெறிப்படி வாழ்ந்ததாகச் சொன்னான். ஜெயித்தவன் எழுதுவது உண்டு. ஆனால் எழுதியது தப்பு என்று நமக்கு எப்படித் தெரிந்தது? எந்த அளவுகோலால் அளந்தோம்? எல்லாமே கற்பனை என்றால் தீண்டாமையைத் தப்பு என்று உங்கள் மகனாலும் சொல்ல முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உலகம் முழுக்க 60 சமூகங்களின் பதிவுகளை அலசி 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உறவுக்கு உதவுவது, வாங்கியதற்குத் திரும்பச் செய்வது, பங்கிடும்போது நியாயமாகப் பங்கிடுவது, ஒருவரிடம் முன்பே இருப்பதை மதிப்பது போன்ற ஏழு நடத்தைகளைத் தேடினார்கள். எங்கெல்லாம் இவற்றைப் பற்றிய பேச்சு இருந்ததோ, அங்கெல்லாம் அநேகமாக நல்லது என்றே பேச்சு. கைக்குழந்தைகளே நல்லது கெட்டது அறியும் என்று 2007இல் ஒரு பொம்மைச் சோதனை பிரபலமானது. உங்கள் மகன் இணையத்தில் தேடி அதைக் காட்டினால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம், பின்னால் பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்து பார்த்ததில் அதே முடிவு வரவில்லை. பிறவியிலேயே இருக்கிறதோ, வளர்ந்து வருகிறதோ, நான் நல்லதற்கும் கெட்டதற்கும் அளவுகோலாக வைத்துக்கொள்வது குறள் 316: “இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்.” இதற்கு வேதமும் வேண்டாம், வெற்றியும் வேண்டாம், வலித்த அனுபவம் போதும். புத்தர் காலாமர் என்ற மக்களிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: பரம்பரையாக வருகிறது, நூலில் இருக்கிறது, குரு சொன்னார் என்பதற்காக ஏற்காதீர்கள், இது கேடு தரும் என்று நீங்களே அறிந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் மகனிடம் வாதம் செய்ய வேண்டாம். மாமாவோடு ஏன் பேசுவதில்லை என்று மட்டும் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி. அண்ணன் மகளின் மார்க்.

சங்கீதம் 73ஐ எழுதியவர் துன்மார்க்கர் செழிப்பதைப் பார்த்துத் தனக்குப் பொறாமை வந்தது என்று கடவுளிடமே ஒப்புக்கொள்கிறார். எரிச்சல் வந்ததால் நீங்கள் கெட்டவரில்லை. ஆனால் அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராததை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெண் பத்திரம் எழுதவில்லை. தாத்தாவின் விரலைப் பிடித்து மை தடவவில்லை. தகப்பன் தின்ற திராட்சைக்குப் பிள்ளையின் பல் கூசும் என்ற பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் 18இல் கடவுள் கண்டிக்கிறார்; ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்கிறது குர்ஆன் 6:164. அண்ணன்மேல் இருக்கும் கோபம் அவர் செய்த காரியத்தின்மேல் இருக்கும்வரை அது நியாயத்தின் பக்கம். அது அவர் மகளிடம் தாவியதும் புத்தர் சொன்ன வெறுப்பு என்ற வேருக்குப் போய்விடுகிறது. உங்கள் கடிதத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே தீமை இதுதான், இன்னும் மனதளவில்தான் இருக்கிறது. அடுத்த முறை பரீட்சை எழுதப் போகும்போது அத்தையாக ஒரு போன் செய்து பேசுங்கள். அண்ணனோடு வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் பேசலாம். வழக்கும் பாசமும் ஒன்றாக இருக்க முடியாது என்பது நம் ஊர்க் கற்பனை.

ஆம், வழக்கு என்றுதான் சொன்னேன். “ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்” என்ற குறளை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். சட்டம் என் துறை இல்லை என்றாலும் அடிப்படை தெரியும். அந்த வயலும் வீடும் பூர்வீகமா, அப்பாவின் சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா) என்பது முதல் கேள்வி. பூர்வீகம் என்றால் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு: தமிழ்நாட்டில் 1989 திருத்தம், நாடு முழுக்க 2005 திருத்தம், அதை 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நகை போட்டது பங்கு கொடுத்ததாக ஆகாது. சுயார்ஜிதம் என்றால் அப்பா யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் தெளிந்த மனதோடு, யாருடைய நெருக்குதலும் இல்லாமல் எழுதினாரா என்பது கேள்வியாகும். வில்லங்கச் சான்றும் அந்தப் பத்திரத்தின் நகலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கு வருமான வரம்பு கேட்க மாட்டார்கள், சமரசம் பேசி முடிக்கவும் அங்கே வழி உண்டு. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விஷயம் தெரிய வந்ததிலிருந்து மூன்று ஆண்டுதான் காலக்கெடு. உங்களுக்குத் தெரிய வந்த தேதியைக் கடிதத்தில் எழுதவில்லை. அதை முதலில் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, இந்த மாதத்திலேயே ஒரு வக்கீலைப் பாருங்கள்.